லோடு திரும்பி வந்தால் எங்கே பார்ப்பது? மூலிகைப் பயிரில் சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நிலவேம்பு போட்டேன். முழங்காலைத் தாண்டி, கருகருவென்று நின்றது செடி. பார்த்தவர்களெல்லாம் கண்ணு வைத்தார்கள். அறுத்து, காயவைத்து, லாரி ஏற்றி அனுப்பினேன். பத்தாம் நாள் வாங்கினவரிடமிருந்து போன் வந்தது. "ஒரு சதவீதம் ஆண்ட்ரோகிராபோலைடு கேட்டிருந்தோம். உங்க சரக்குல 0.6 தான் இருக்கு. திருப்பி எடுத்துக்கிறீங்களா, பாதி விலைக்குப் போட்டுக்கவா?" வாடகை கொடுத்துச் சருகைத் திரும்பக் கொண்டுவந்து என்ன செய்வது? பாதி விலைக்கே விட்டேன். அவர் கேட்ட ஆண்ட்ரோகிராபோலைடு நிலவேம்பின் கசப்பான மருந்துச் சத்து. கீழே 'சத்து' என்று நான் சொல்வதெல்லாம் செடிக்குப் போடும் உரச்சத்தை இல்லை, இந்த மாதிரி மருந்துப் பொருளைத்தான்.

முதலில் விதை கொடுத்தவர் மேல் கோபம். அப்புறம் லேப் மேல். மண்ணைக்கூடத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு நான் அறுத்த தேதியில் இருந்தது. பூவெல்லாம் கொட்டி, காய் முற்றி, விதை வெடிக்கிற நேரத்தில் அறுத்திருக்கிறேன். ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம்.

மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மல்லிகையை மொட்டாக, விடியுமுன்னே பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஓடுகிறோம். அந்தி சாய்ந்து மொட்டு அவிழும்போதுதான் மணம் கிளம்பும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியே ஆனாலும், நேற்று விரிந்த பூவை யார் கேட்பார்கள்? பூவுக்கு மணிக்கணக்குப் பார்க்கிற நாம், மூலிகை என்று வந்தால் மட்டும் எடையைப் பார்க்கிறோம்.

செடி அந்தக் கசப்பையும் மணத்தையும் நமக்காகச் செய்வதில்லை. புழு தின்னாமல் இருக்க, வெயிலைத் தாங்க, காளான் அண்டாமல் இருக்கச் செய்துகொள்கிறது. எந்தப் பருவத்தில் எந்த உறுப்பைக் காக்க வேண்டுமோ அங்கே சேர்க்கும். தேவை முடிந்தால் விட்டுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு, கீழே உங்கள் குறை எதுவோ அங்கே போங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

"செடி கருகருன்னு நிக்குது, ரிப்போர்ட்ல சத்து இல்ல"

எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான், பெரும்பாலும் நிலவேம்புக்கு.

முதல் கேள்வி: அறுத்த அன்று பூ எந்த நிலையில் இருந்தது? நிலவேம்பில் ஆண்ட்ரோகிராபோலைடு பூவெடுக்கும் சமயத்தில் உச்சத்தில் இருக்கும். நட்ட 90-லிருந்து 120 நாளுக்குள் அது வரும். வயலில் குறுக்கே நடந்து பாருங்கள். பாதிச் செடி பூத்திருந்தால் அரிவாளை எடுக்கலாம். காய் பிடித்து, அது பழுப்பேற ஆரம்பித்தால் நேரம் போய்விட்டது என்று பொருள். கீழ் இலைகள் உதிர்ந்துவிடும். இருக்கிற இலையிலும் சத்து இறங்கும். தென்னைக்கு அடியில் ஊடுபயிராகப் போட்டவர்களுக்கு இன்னொரு சங்கடம். வரப்போரம் பூத்திருக்கும், மர நிழலில் இருப்பது இன்னும் இலையாகவே நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்தால் கலவைச் சரக்குத்தான் கிடைக்கும். இரண்டு தவணையாக அறுங்கள்.

பூ சரியான நிலையில்தான் இருந்தது என்றால் அடுத்து தராசு. காய்ந்த சரக்கில் ஒரு கிலோ எடுத்து இலையையும் தண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடை போடுங்கள். சத்து பெரும்பாலும் இலையில், தண்டில் கொஞ்சம்தான். கணக்குக்காக இலையில் 2.4 சதவீதம், தண்டில் 0.4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் பாதி இலை, பாதி தண்டு என்றால் மொத்தம் 1.4 வரும். இலை 30, தண்டு 70 என்றால் சரியாக 1. இலை 20-க்கு இறங்கினால் 0.8. இலையில் சத்து ஒரு துளிகூடக் குறையவில்லை; இலைதான் குறைந்திருக்கிறது. அது எங்கே போனது? முற்றியதால் வயலில் உதிர்ந்திருக்கும். இல்லை, மொறுமொறுவென்று காய்ந்த பிறகு உச்சிவெயிலில் கட்டுக் கட்டியபோது நொறுங்கிக் களத்திலேயே தங்கியிருக்கும். என் களத்தில் அந்த முதல் வருஷம் கூட்டிப் பெருக்கிக் குப்பைக்குழியில் கொட்டியதுதான் உண்மையான சரக்கு என்று பிறகுதான் உறைத்தது. இப்போது தார்ப்பாய் விரிக்காமல் கட்டுவதில்லை, அதுவும் காலைப் பனியில் இலை கொஞ்சம் பதமாக இருக்கும்போது. அந்தப் பதத்தோடே சாக்கில் அடைக்கக்கூடாது. கட்டியதை நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு அடைக்க வேண்டும்.

இலையும் போதுமான அளவு இருக்கிறது, ஆனாலும் எண் குறைவு. அப்படியானால் யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்பேன். யூரியாவும் தண்ணீரும் தாராளமாகப் போனால் செடி இலையைப் பெருக்குவதிலேயே இருக்கும். ஆண்ட்ரோகிராபோலைடில் நைட்ரஜன் கிடையாது. யூரியா இலையைப் பெருக்கும் அளவுக்கு அது பெருகாது. இலை இரண்டு பங்காகும், சத்து ஒன்றரைப் பங்கானாலும் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது குறைந்துதான் தெரியும். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஏக்கருக்கு மொத்தம் எத்தனை கிலோ சத்து கிடைத்தது என்று பார்த்தால் நன்றாக வளர்ந்த வயல் ஜெயித்திருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் சதவீதத்துக்குத்தானே காசு கொடுக்கிறார். அதனால் அடியில் தொழு உரம், மேலுரம் அளவோடு, அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தண்ணீரைக் குறைப்பது என்று வைத்திருக்கிறேன். குறைப்பது என்றால் செடி மதியம் லேசாகத் துவண்டு அந்தியில் நிமிர வேண்டும். "அண்ணே, காஞ்சாத்தானே கசக்கும்"னு பதினெட்டு நாள் சுத்தமாகத் தண்ணீரை நிறுத்திய ஒரு தம்பிக்கு இலை எல்லாம் உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியது. மேலே சொன்ன தராசுக் கணக்குக்கே திரும்பப் போய்விட்டார்.

கடைசியாக, சருகின் வயசு. போன வருஷச் சரக்கைக் கொட்டகையில் ஒரு கோடை முழுக்க வைத்து இப்போது அனுப்பினீர்களா? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை அடுப்புத்தான். பொடியாக்கி வைத்தால் இன்னும் வேகமாகச் சத்து இறங்கும். முழு இலையாக, காற்றோட்டமான ஓட்டுக் கொட்டகையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆடிக் கடைசியில் நட்டால் பூவெடுப்பு ஐப்பசி, கார்த்திகைக்கு வரும். சத்து உச்சத்தில் இருக்கும், வானமும் உச்சத்தில் பொத்துக்கொண்டிருக்கும். அறுத்தால் காய வைக்க முடியாது, அறுக்காவிட்டால் முற்றிப்போகும். மேலூர், நத்தம் பக்கம் போர் தண்ணீர் இருக்கிறவர்கள் வைகாசியில் நாற்றுவிட்டு ஆனியில் நட்டுவிடுவது நல்லது. புரட்டாசி வெயிலுக்குள் களம் ஏறிவிடும். வானம் பார்த்த பூமி என்றால், மழை வெறிக்கும் இரண்டு நாள் கிடைத்தாலும் அறுத்து, கொட்டகைக்குள் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரச்செடியைக் குவித்து வைத்தால் அடியில் வேர்த்து, பூசணம் பிடித்து, மணமே மாறிவிடும்.

ஒரு இடைச்செருகல்: நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து மொத்தம் ஒன்பது சரக்கு. காய்ச்சிக் குடித்தவர் "கசப்பு கம்மியா இருக்கே" என்று சொன்னால் உங்கள் செடிதான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

"துளசி கையில கசக்குனா மணக்குது, காஞ்சதும் வைக்கோலாப் போயிருது"

துளசியின் மணம் இலைமேல் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. தோல் மாதிரி மெல்லிய பை. அது வெடித்தால் மணம் காற்றோடு போச்சு. ஆகவே காய வைத்ததைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிமென்ட் களத்தில் நேர் வெயிலில் போட்டீர்களா? வைகாசி மதியத்தில் சிமென்ட் தரையில் வெறும் காலை வைத்துப் பாருங்கள், விடை கிடைக்கும். நிழலில், விரல் கடைக்கு மேல் தடிக்காமல் பரப்பிக் காய வைக்க வேண்டும். டிரையர் என்றால் 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அடிக்கடி புரட்டுகிறேன் பேர்வழி என்று இலையை நொறுக்கவும் கூடாது.

காய வைத்தது சரி என்றால் பறித்த நேரம். பூங்கதிர் நன்றாக விரிந்த பருவத்தில், அதாவது நட்ட மூன்று மாத வாக்கில், எண்ணெய் நன்றாக இருக்கும். மழை பெய்த மறுநாள் அறுக்கவே கூடாது. எண்ணெயும் குறைவு, வெட்டுவாயில் நோயும் ஏறும். இரண்டு மூன்று நாள் வெயில் கண்ட பிறகு, பனி உலர்ந்த காலை வேளையில் அறுங்கள். தரையிலிருந்து அரையடிக்கு மேல் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். தடித்த தண்டையும் சேர்த்து எடை ஏற்றினால் எண்ணெய்க் கணக்கு அடி வாங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கிராம்பு வாசம் வரவில்லை, வேறு மாதிரி மணக்கிறது என்றால் அது உங்கள் கையில் இல்லை. துளசியிலேயே கிராம்பு வாசம் தரும் யூஜினால் மிகுந்த குலமும் உண்டு, மெத்தில் யூஜினால் மிகுந்த குலமும் உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த உரமும் ஒன்றை மற்றதாக மாற்றாது. அடுத்த முறை நல்ல மணம் உள்ள தாய்ச்செடியிலிருந்து போத்து எடுத்து நட வேண்டியதுதான்.

"கருந்துளசி பச்சையாயிருச்சு, கலப்படமா?" என்றும் கேட்கிறார்கள். அந்தக் கருஞ்சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. நல்ல வெளிச்சமும் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தால் கூடும். நிழல்வலைக்குள் வளர்த்தால் வெளுக்கும். அந்த நிறத்துக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை.

"சென்னா இலை களத்துலயே கறுத்துப் போச்சு"

இது திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசல் பக்கம் வரும் புகார். வெளிநாட்டில் 'தின்னவேலி சென்னா' என்று பெயர் வாங்கிய நிலாவாரைதான் இது. சத்து சென்னோசைடு. ஐரோப்பிய மருந்து நூல்களில் இலைக்கு 2.5 சதவீதம் என்று நெடுநாள் அளவுகோல் இருந்தது.

கறுத்த இலையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் பறித்த இலையைக் குவியலாக விட்டிருக்கிறீர்கள். காலையில் பறித்ததை ஆள் வரட்டும் என்று மூட்டையிலேயே மாலைவரை வைத்தால் உள்ளே சூடேறும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இலையில் இருக்கும் நொதிகளே சென்னோசைடை உடைத்துவிடும். நிறம் போவது கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் அதைவிடப் பெரியது. பறித்த உடனே மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம் பத்து நாள் உலர்த்தினால் மஞ்சள் கலந்த பச்சையில் நிற்கும். ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழ் வந்த பிறகே அழுத்திக் கட்டிப் பேல் போடுங்கள்.

வாடை இல்லை, ஆனாலும் பழுப்பாக, தடித்து, சுரசுரப்பாக இருக்கிறதா? அது வயசான இலை. விதைத்து இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு, இலை தடித்து லேசாக நீலப்பச்சை காட்டும்போது. காய்க்கு விடப்போவதில்லை என்றால் பூங்காம்பைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை விட்டு இலை தரும். காய்க்கு விட்டால் விதை கெட்டிப்படுவதற்கு முன்னால், காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பும்போதே எடுத்துவிட வேண்டும்.

கரிசலில் ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் செடி மஞ்சளாகி இலையைக் கொட்டும். வடிகால் வெட்டாமல் சென்னா போடுவது சூதாட்டம்.

"அவுரிப் பொடி தலைக்குப் போட்டேன், நிறமே ஏறல"

இதைச் சென்னாவுக்கு அடுத்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தென் மாவட்ட வியாபாரத்தில் சென்னாவையும் 'அவுரி' என்றே சொல்கிறார்கள். சித்த மருத்துவர் சொல்லும் அவுரி, நீலச்சாயம் தரும் நீலி. பேர் ஒன்று, செடி இரண்டு. நாட்டு மருந்துக் கடையில் "அவுரி இலை" என்று கேட்டு, பேதிக்குப் போகிற இலையைத் தலையில் தேய்த்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. என் சொந்த அத்தையே உட்கார்ந்திருந்தார், மூன்று மணி நேரம்.

ஒரு கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். நீலி என்றால் மேற்பரப்பு நீலம் பாயும். வெள்ளைத் துணியில் ஒற்றினால் பச்சையாகப் பட்டு, காற்றில் நீலமாக மாறும். சென்னா என்றால் ஒன்றும் நடக்காது.

நீலிதான், ஆனாலும் நீலம் மங்கல் என்றால் காயவைத்ததில் கோளாறு. பச்சை இலையில் இருப்பது நிறமற்ற இண்டிகன். அது உடைந்து காற்று பட்டால்தான் நீலமாகும். அந்த மாற்றம் முடியின் மேல் நடக்க வேண்டும். இலை கசங்கி, ஈரத்தில் கிடந்து மெதுவாக உலர்ந்தால் இலைக்குள்ளேயே நீலமாகி முடிந்துவிடும். முடிந்த நீலம் தண்ணீரில் கரையாது, முடியிலும் பிடிக்காது. அதனால் பூவெடுக்கத் தொடங்கும் முன்னே பறித்து, கசக்காமல், ஒரே நாளில் வேகமாக உலர்த்த வேண்டும். நிலவேம்புக்குச் சொன்ன பூக்கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் அதனதன் நாள் வேறு.

"அமுக்கராவுல இலைதான் இருக்கு, வேரக் காணோம்"

அமுக்கராவுக்கு, அதாவது அஸ்வகந்தாவுக்கு, சத்து வேரில் என்பதால் மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு செடியைப் பிடுங்குங்கள்.

வேர் நூலாக இருந்து இலை அகலமாக இருந்தால் யூரியாவோ, தண்ணீரோ, நெருக்கமோ கூடிவிட்டது. தெளித்த விதையிலிருந்து வந்த செடிகளைக் கலைத்துவிடாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கும். வேர் கிளைகிளையாகப் பிரிந்து, பிடுங்கும்போதே ஒடிந்தால் மண் கெட்டி. கரிசலில் அமுக்கரா போட வேண்டாம் என்றே சொல்வேன். மணல் கலந்த செம்மண்தான் அதற்கு வீடு. வேர் பெருவிரல் தடிமனில், அறுத்தால் நாராக இழைகிறதா? ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள். நல்ல வேர் ஒடித்தால் பட்டென்று ஒடியும், உள்ளே மாவு மாதிரி வெளுப்பாக இருக்கும்.

இலை மஞ்சளித்து, காய் சிவந்து வருவது அறுவடைக் குறி. 150-லிருந்து 180 நாள். ஆவணியில் விதைத்தால் மாசி வறட்சியில் அந்தப் பதம் வந்து நிற்கும், வேரைக் காயவைக்க அதைவிட நல்ல மாசம் நம் ஊரில் கிடையாது.

இன்னொன்று. சில பேர் வேர்ப்பொடியில் இலைப்பொடியைக் கலந்துவிடுகிறார்கள், இலையில் வித்தாஃபெரின் என்ற சத்து மிகுதி என்பதால் எண் ஏறும் என்று. 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லேபில் எந்தச் சத்து எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள், பிடிபடும்.

"கத்தாழ ஒருநாள் புளிக்குது, ஒருநாள் சப்புன்னு இருக்கு"

குறையே இல்லை, கடிகாரம்தான். கற்றாழையும் ரணகள்ளியும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் மூச்சு விடும் செடிகள். இரவு உள்ளே இழுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் செலவழிக்கும். விடிகாலையில் புளிப்பு, சாயங்காலம் சப்பு. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் ரணகள்ளி இலையை வேளைக்கு வேளை மென்று பார்த்து, காலையில் புளிப்பு, நண்பகலில் ருசியில்லை, மாலையில் கசப்பு என்று எழுதியது லண்டனில் 1815-ல் அச்சாகியிருக்கிறது. லேப் எதுவும் இல்லை, நாக்குத்தான்.

மஞ்சளாக வடியும் கசப்பு வேறு சங்கதி. அது அலோயின், தோலுக்கு அடியில் இருப்பது. அறுத்த மடலை அடிப்பக்கம் கீழே பார்க்கச் சாய்த்து நிறுத்தி வடியவிட்டால் மடலுக்குள் இருக்கும் வழுவழுப்பான சோற்றில் கசப்பு குறையும். மழைக்குப் பிறகு சோறு தண்ணியாக இருக்கும், நாலைந்து நாள் பொறுங்கள்.

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சும் புழு சாகல"

இது மனுஷனுக்கான மருந்து இல்லை, பயிருக்கான மருந்து. ஆனாலும் கதை அதேதான். அளவை முதலில் சரிபாருங்கள்: ஐந்து சதவீதக் கரைசலுக்கு இடித்த பருப்பு 5 கிலோ, முந்தின ராத்திரி 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, மொத்தம் 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு சேர்க்க வேண்டும்.

அளவு சரி என்றால் கொட்டையை உடையுங்கள். பருப்பு பச்சை கலந்த பழுப்பில் இருந்தால் நல்லது. கறுத்து, பூசண வாடை அடித்தால் ஆனி, ஆடியில் மழை நனைந்து மரத்தடியிலேயே கிடந்த கொட்டை. புழுவைத் தடுக்கும் சத்தான அசாடிராக்டின், பழம் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பும்போது நிறைவாக இருக்கும். அன்றன்று விழுந்ததைப் பொறுக்கி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, பாலிதீன் பையில் அடைக்காமல் சணல் சாக்கில் வைக்க வேண்டும். மூன்று மாதம் கழிந்த கொட்டை நல்லது, எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் போனால் வீரியம் போகும்.

கொட்டையும் நல்லது என்றால் எத்தனை மணிக்கு அடித்தீர்கள்? வெயில் இந்தச் சத்தைச் சிதைத்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் அடியுங்கள். அப்புறம், இது பட்டவுடன் கொல்லும் விஷம் இல்லை. புழு தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் போகும். மறுநாள் காலையில் செத்த புழுவைத் தேடினால் காணக் கிடைக்காது.

"கண்வலி விதை வெளுத்து, எடை நிக்கல"

கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், விதைக்காகப் போடும் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கேள்வி, ஆனாலும் நத்தம்வரை வந்துவிட்டது. காய் பச்சையாக இருக்கும்போதே, விலை ஏறியிருக்கிறது என்று பறித்திருக்கிறீர்கள். நட்ட 160-லிருந்து 180 நாளில் காய்த்தோல் சுருங்கி நிறம் அடர்ந்த பிறகே பறிக்க வேண்டும். பறித்ததை நிழலில் காயவையுங்கள்; விதையில் இருக்கும் சத்தான கால்சிசின் வெளிச்சத்தில் உருமாறும். காயே குறைவு என்றால் மகரந்தச் சேர்க்கை: பூ விரிந்த காலையில் கையால் தொட்டுவிட வேண்டும்.

விதையும் கிழங்கும் உயிரெடுக்கும் விஷம். வேகவைத்தாலும் போகாது. சேனை, சர்க்கரைவள்ளி வைக்கும் இடத்தில் இந்தக் கிழங்கை வைக்காதீர்கள். விதை தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களத்தில் உலர்த்தாதீர்கள். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேராகப் பெரியாஸ்பத்திரி.

"ரெண்டு லேபுக்குக் கொடுத்தேன், ரெண்டு எண் வந்துச்சு"

லேப்பைத் திட்டும் முன் ரிப்போர்ட்டில் 'உலர் எடை அடிப்படையில்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சரக்கில் 15 சதவீதம் ஈரம் இருந்து, இருந்தபடியே அளந்து 1.8 என்று ஒருவர் போட்டிருந்தால், அதே சரக்கு உலர் எடையில் 2.1-க்கு மேல் வரும். 1.8-ஐ 0.85-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதுவும் ஒத்துப்போகிறது என்றால் நீங்கள் கொடுத்த சாம்பிள். மூட்டையின் வாயில் இருப்பது தண்டு, அடியில் தேங்கியிருப்பது தூள். ஒரு லேபுக்கு மேலேயிருந்து ஒரு பிடி, இன்னொன்றுக்கு அடியிலிருந்து ஒரு பிடி கொடுத்துவிட்டு ஒரே எண் கேட்டால் எப்படி வரும்? பத்து மூட்டைக்கு மூன்று மூட்டையாவது தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலு பங்காக்குங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து நாலாக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை இதைச் செய்து, அதை இரண்டாகப் பிரித்து ஒன்றை அனுப்பி, மற்றதை மூடி, தேதி எழுதி, உங்கள் வீட்டிலேயே வையுங்கள். விலை பேசும்போது அந்த அரைப் பொட்டலம் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

என் மூட்டைகளில் இப்போது மூன்று விஷயம் மார்க்கரில் எழுதியிருக்கும்: நட்ட தேதி, அறுத்த தேதி, அறுத்தபோது நூற்றுக்கு எத்தனை செடி பூத்திருந்தது. அந்த மூன்றாவதைப் பார்த்துவிட்டுப் போன மாதம் வந்த வியாபாரி, "இது எதுக்குண்ணே?" என்றார். ஆறு வருஷத்துக்கு முந்தின லாரிக் கதையைச் சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை கேட்டுவிட்டு, அடுத்த தோட்டத்துக்குப் போய் அங்கேயும் அதையே கேட்டிருக்கிறார்.